விழாமல் நின்றவர்கள்

1980-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முகமது அலி மெட்ராஸுக்கு வந்தார். பெரியமேட்டில், ஒரு காலத்தில் டெஸ்ட் கிரிக்கெட் நடந்த நேரு ஸ்டேடியத்தில், அவருக்கும் ஜிம்மி எல்லிஸுக்கும் காட்சிப் போட்டி. முதல்வர் எம்.ஜி.ஆர். அலியோடு இருக்கும் படத்தைத் தி.நகர், மயிலாப்பூர் பக்கம் பழைய ரசிகர் யாரைக் கேட்டாலும் மொபைலில் தேடி எடுத்துக் காட்டுவார். எல்லிஸைத்தான் யாருக்கும் நினைவில்லை. அவரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. அலியின் ஊரான லூயிவில்லைச் சேர்ந்தவர், சின்ன வயசுக் கூட்டாளி, 1968 முதல் 1970 வரை டபிள்யூ.பி.ஏ. ஹெவிவெயிட் சாம்பியன். 1971-ல் அலியோடு நிஜமாகவே மோதி 12-ஆவது ரவுண்டில் தோற்றவர்.

அன்றைக்கு மேடையில் விளையாட்டாகக் குத்திக்கொண்ட அந்த இருவருக்கும் பின்னால் என்ன ஆயிற்று? அதே ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி, லாஸ் வேகாஸில் லாரி ஹோம்ஸ் அலியைப் பத்து ரவுண்டு அடித்தார். அலி ஒரு தடவைகூட விழவில்லை. விழாமல் நின்றதுதான் கொடுமை. விழுந்திருந்தால் அவ்வளவு அடி வாங்கியிருக்க மாட்டார். பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டீதான் சண்டையை நிறுத்தினார். 61 சண்டைகளில் அலி பாதியில் நிறுத்தப்பட்டது அந்த ஒன்றில் மட்டுமே. 1984-ல் பார்க்கின்சன் நோய் என்று டாக்டர்கள் சொன்னார்கள். எல்லிஸுக்கு மறதி நோய். 2014-ல் இறந்தார்.

‘எவ்வளவு அடித்தாலும் அசையாதவர் யார்?’ குத்துச்சண்டை ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. எடைப் பிரிவுக்கு ஒருவராகப் பட்டியல் போடுவார்கள். ஹெவிவெயிட்டில் பெரும்பாலும் கனடாவின் ஜார்ஜ் சுவாலோ. 93 சண்டை, ஒரு முறைகூடத் தரையைத் தொடவில்லை. எதிரே நின்றவர்கள் அலி, ஜோ ஃப்ரேஸியர், ஜார்ஜ் ஃபோர்மேன். ஃப்ரேஸியரோடும் ஃபோர்மேனோடும் ஆடிய ஆட்டங்களை நடுவர் நிறுத்த வேண்டியிருந்ததே தவிர, சுவாலோவைக் கீழே தள்ள முடியவில்லை. மிடில்வெயிட்டில் ஜேக் லாமோட்டா. 106 சண்டைகளில் விழுந்தது ஒரே ஒரு தடவை, 1952 டிசம்பர் 31 அன்று. நம் காலத்தில் அதே எடையில் கசகஸ்தானின் கென்னடி கொலோவ்கின் ஒரு முறையும் விழாமல் ஆடினார். சின்ன எடைகளில் மெக்ஸிகோவின் ஹுலியோ சேசர் சாவேஸ். 90 சண்டைகளில் தோல்வியே இல்லாமல் வந்தவர், 1994-ல் ஃபிராங்கி ராண்டலிடம்தான் முதன்முதலில் விழுந்தார், முதன்முதலில் தோற்றார்.

இந்தப் பட்டியல்களை ரசித்துப் படிப்பேன். நம்ப மாட்டேன். விழுந்த கணக்கு எழுதி வைக்கப்படுகிறது. வாங்கிய கணக்கு யாரிடம் இருக்கிறது?

தாடை நுனியில் பக்கவாட்டில் குத்து விழுந்தால் தலை சட்டென்று திரும்புகிறது. மண்டையோடு திரும்பிய வேகத்துக்கு உள்ளே மூளை ஈடுகொடுக்க முடிவதில்லை; முறுக்கிக்கொள்கிறது. நினைவு தப்புகிறது. தடித்த கழுத்தும், நெஞ்சோடு ஒட்டிய மோவாயும் அந்தச் சுழற்சியைக் கொஞ்சம் குறைக்கும். அதைவிட முக்கியம் கண். வருவது தெரிந்த குத்துக்குக் கழுத்து தன்னால் இறுகிவிடும், உடம்பு அந்தத் திசையிலேயே சாய்ந்து கொடுக்கும். ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் பார்க்காத குத்துதான். ஆக, ‘தாங்குகிறார்’ என்று நாம் வியப்பவர்களில் பாதிப்பேர் உண்மையில் குத்து முழுசாக விழாமல் பார்த்துக்கொள்பவர்கள். கொலோவ்கின் அந்த ஜாதி. மீதிப்பேர் நிஜமாகவே வாங்குகிறார்கள்.

எடை குறையக் குறைய ஆபத்தும் குறையும் என்று நினைப்போம். ஹெவிவெயிட்டில் ஒரு குத்தில் கதை முடிந்துபோகலாம். லைட்வெயிட்டில் யாரும் விழாமல், குத்து மட்டும் நூற்றுக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். 1982 நவம்பரில் தென் கொரியாவின் கிம் டக் கூ, ரே மான்சினியை எதிர்த்து 13 ரவுண்டு தாக்குப்பிடித்தார். 14-ஆவதில் விழுந்தவர் எழுந்தும் நின்றார். சில நாட்களில் மூளைக் காயத்தால் இறந்துபோனார். உலகப் பட்டச் சண்டைகள் 15 ரவுண்டிலிருந்து 12-க்கு இறங்க அந்தச் சாவு வேண்டியிருந்தது.

இப்படிச் சொல்லிக்கொண்டே வரும்போது லாமோட்டா குறுக்கே வந்து நிற்கிறார். சுகர் ரே ராபின்சனோடு ஆறு முறை மோதி ஐந்தில் தோற்றவர். 1951 காதலர் தினத்தன்று நடந்த கடைசி மோதலில் 13-ஆவது ரவுண்டு வரை முகம் வீங்க வீங்க வாங்கிக்கொண்டு, கீழே மட்டும் விழ மாட்டேன் என்று நின்றார். அந்த மனுஷன் 2017 வரை, 95 வயசு வரை வாழ்ந்தார். அடித்த ராபின்சன், எல்லாக் காலத்துக்கும் மிகச் சிறந்த பாக்ஸர் என்று பலர் சொல்லும் ராபின்சன், அல்ஸைமருடன் 67 வயதில் இறந்தார். அவருடைய சண்டைகள் கிட்டத்தட்ட 200. எந்த மூளை எதைத் தாங்கும் என்பதை வெளியிலிருந்து பார்த்து யாரும் சொல்லிவிட முடியாது.

நம் ஊரில் ‘சார்பட்டா பரம்பரை’ படம் 2021-ல் வந்தபோது, வட சென்னையின் பழைய ரோசமான ஆங்கிலக் குத்துச்சண்டை அடையாறு வரவேற்பறைகளுக்கும் வந்தது. ஜெயிப்பது நாயகன் கபிலன். ஜனம் கொண்டாடியதோ டான்ஸிங் ரோஸை! குத்து கிட்டே வரும்போது அங்கே இல்லாமல் போய்விடும் ஆள் அவர். நமக்கு உள்ளூர ரசனை சரியாகத்தான் இருக்கிறது. பட்டியல் போடும்போதுதான் தடுமாறிவிடுகிறோம்.

அதற்காக நெஞ்சுரத்தைப் பாராட்டாமல் இருக்க முடியுமா? ‘சார்பட்டா’ வந்த அதே மாதம் டோக்கியோ ஒலிம்பிக்ஸ் தொடங்கியது. 91 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவில் ஆடிய ராணுவ வீரர் சதீஷ் குமாருக்கு முதல் சண்டையிலேயே நெற்றியிலும் மோவாயிலும் கிழிந்து 13 தையல். அதோடு காலிறுதியில் உஸ்பெகிஸ்தானின் பகோதிர் ஜலோலவ் முன்னால் போய் நின்றார். தையல் பிரிந்தது, ஐந்து நடுவர்களும் எதிராளிக்கே கொடுத்தார்கள். கடைசி மணி வரை நின்றார். மூன்று ரவுண்டுதான் என்பது நிம்மதி. ஒலிம்பிக்ஸில் ஆண்கள் மறுபடியும் ஹெட்கார்டு இல்லாமல் ஆடத் தொடங்கியது 2016 ரியோவில். தோல் கிழிவதை ஹெட்கார்டு தடுக்கும். தலை சுழல்வதைத் தடுப்பதில்லை.

இப்போது தி.நகரிலும் அடையாறிலும் ஜிம்களில் பாக்ஸிங் வகுப்பு சாதாரணமாகிவிட்டது. பை குத்துவதும் கயிறு தாண்டுவதும் உடம்புக்கு நல்லது, யாருக்கும் கெடுதல் இல்லை. ஸ்பாரிங் வேறு விஷயம். அலி பயிற்சியில் கூட்டாளிகளைத் தன்னை அடிக்கவிட்டு, அடி வாங்கிப் பழகுவதைப் பாடமாகவே வைத்திருந்தார். அதில் விழுந்த குத்துகள் அந்த 61 சண்டைக் கணக்கில் எங்கும் வராது. 1977-ல் எர்னி ஷேவர்ஸ் சண்டை முடிந்ததும், இனி ஆடவேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டு அவருடைய டாக்டர் ஃபெர்டி பசேகோ விலகியே போனார். பிள்ளைக்கு நல்ல ஹெட்கார்டாக வாங்கிக் கொடுக்கும் பெற்றோர், வாரத்தில் எத்தனை நாள் தலையில் குத்து விழும்படி ஸ்பாரிங், நினைவு தடுமாறினால் எத்தனை வாரம் ஓய்வு என்று மாஸ்டரிடம் முதலிலேயே கேட்டுவிடலாம். பதில் சொல்லத் தயங்கினால் வேறு ஜிம் பார்க்கலாம்.