கண்ணுக்கு எஸ்டிஆர், கணக்குக்கு லாக்: ஹாம் ரேடியோ போட்டிக்கு ஒரு மொட்டை மாடி ஏற்பாடு

ஹாம் ரேடியோ போட்டி என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். 48 மணி நேரத்தில் உலகம் முழுக்க எத்தனை நிலையங்களோடு பேச முடிகிறது என்று பார்ப்பது. ஆனால் பேசினால் மட்டும் போதாது. பேசியது இரண்டு பக்கத்து லாக்கிலும் ஒரே மாதிரி பதிவாகி இருக்கணும். அப்போதுதான் மார்க்.

பெரிய போட்டி சிக்யூ வேர்ல்டுவைட். குரல் போட்டி அக்டோபரின் கடைசி முழு வார இறுதியில், மோர்ஸ் போட்டி நவம்பரின் கடைசி முழு வார இறுதியில். உலக நேரப்படி சனிக்கிழமை 0 மணிக்கு ஆரம்பம். நமக்கு அது காலை 5:30. ஒலிபரப்ப உரிமம் கட்டாயம். அதற்கு மத்திய அரசின் டபிள்யூபிசி நடத்தும் தேர்வு எழுத வேண்டும். மதுரை நகருக்குள் மொட்டை மாடியில் நான் வைத்திருக்கும் ஏற்பாட்டை வைத்து மற்றதை விளக்குகிறேன்.

ஏன் 10 மீட்டர்?

ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் உண்மையில் டிவி பார்க்கச் செய்யப்பட்டது. அதன் சிப், அலையின் மாதிரிகளை அப்படியே கணினிக்குக் கொடுக்கும் என்று ஆர்வலர்கள் 2012-ல் பரப்பியபிறகு, அது ஏழைகளின் ரிசீவர் ஆகிவிட்டது. பழைய ரேடியோவில் ஃபில்டர், டீமாடுலேட்டர் எல்லாம் தனித்தனி சர்க்யூட். இங்கே அதெல்லாம் சாஃப்ட்வேர்.

சாதாரண டாங்கிள் சுமார் 24 மெகாஹெர்ட்ஸிலிருந்துதான் கேட்கும். 14 அல்லது 7 மெகாஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் கூடுதல் ஏற்பாடு தேவை. 10 மீட்டர் பேண்டுக்கு (28 முதல் 29.7 வரை) எதுவும் வேண்டாம். இன்னொரு வசதி: டாங்கிள் ஒரே நேரத்தில் சுமார் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைக் காட்டும். அதாவது மொத்த பேண்டும் ஒரே ஸ்கிரீனில்! சூரியப் புள்ளிகள் அதிகமாக இருக்கும் வருடங்களில்தான் இந்த பேண்ட் நன்றாகத் திறக்கும். இப்போதைய சுழற்சியின் உச்சம் 2024-ஐ ஒட்டி வந்தது. நூறு வருடத்துக்கும் மேலாக அந்தப் புள்ளிகளைப் படம் எடுத்து வருவது நம்ம பக்கத்து கொடைக்கானல் ஆய்வகம்.

ஆண்டெனா ரொம்ப எளிது. 28.4 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலை டைபோல் சுமார் 5 மீட்டர். பக்கத்துக்கு இரண்டரை மீட்டர் கம்பி. வடகிழக்கு–தென்மேற்காகக் கட்டினால் அதன் அகலப் பக்கம் வடமேற்கே ஐரோப்பாவையும் தென்கிழக்கே ஆஸ்திரேலியாவையும் பார்க்கும்.

டாங்கிளை அடக்குவது

மூன்று விஷயம் பார்க்கணும்.

ஒன்று, கெயின். டாங்கிளில் இருப்பது 8 பிட் மாற்றி. கெயினை முழுக்க ஏற்றினால் நகரத்து எஃப்எம் நிலையங்களே அதை மூச்சுத் திணற வைத்துவிடும். ஆண்டெனாவைச் செருகியதும் ஸ்கிரீனில் இரைச்சல் கோடு லேசாக உயர வேண்டும். அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். எஃப்எம் தடுப்பு ஃபில்டர் இருந்தால் இன்னும் நல்லது.

இரண்டு, அதிர்வெண் விலகல். மலிவு டாங்கிளில் 50 பிபிஎம் பிழை இருந்தால் 28.4-ல் அது 1,420 ஹெர்ட்ஸ். குரல் வாத்து மாதிரி கேட்கும். டிசிஎக்ஸ்ஓ உள்ளதை வாங்கினால் பிழை 1 பிபிஎம் அளவில், வெறும் 28 ஹெர்ட்ஸில் நிற்கும்.

மூன்று, வீட்டு இரைச்சல். லேப்டாப்பை பேட்டரியில் ஓட விட்டு, வீட்டு மெயினை அணைத்துப் பாருங்கள். பிறகு ஒவ்வொன்றாகப் போடுங்கள். எல்இடி பல்பா, சார்ஜரா, இன்வெர்ட்டரா என்று வாட்டர்ஃபால் காட்டிக்கொடுக்கும்.

இரண்டு சாஃப்ட்வேர், ஒரே கேபிள்

போட்டியில் பேசுவது டிரான்சீவர், பார்ப்பது எஸ்டிஆர், எழுதுவது லாக் சாஃப்ட்வேர் (விண்டோஸில் என்1எம்எம், லினக்ஸில் டிஎல்எஃப்). மூன்றும் ஒரே அதிர்வெண்ணில் நிற்கணும். சிக்கல் என்னவென்றால், ரேடியோவின் சீரியல் போர்ட்டை ஒரு சாஃப்ட்வேர் திறந்தால் அடுத்ததற்குக் கதவு மூடிவிடும். நம்ம துறை ஆட்களுக்குப் பழகின தீர்வுதான்: நடுவில் ஒரு சர்வர். லினக்ஸில் ஹாம்லிப்பின் ரிக்சிடிஎல்டி மட்டும் சீரியல் போர்ட்டைப் பிடித்துக்கொள்ளும். எஸ்டிஆர்++, லாக் இரண்டும் 4532 என்ற டிசிபி போர்ட்டில் அதனிடம் கேட்டுக்கொள்ளும்.

டாங்கிள் ஒலியை நம்பி மட்டும் பேசாதீர்கள். கணினிக்குள் சுற்றி வருவதற்குள் தாமதம் ஆகிடும். காதுக்கு ரேடியோ, கண்ணுக்கு எஸ்டிஆர். இணையத்தில் கிடைக்கும் வெளிநாட்டு ரிசீவர்களில் கேட்டுப் பேசுவதும் விதிப்படி கூடாது.

கணக்கு

இந்தப் போட்டியில் வேறு கண்டம் என்றால் 3 புள்ளி, ஆசியாவுக்குள் வேறு நாடு என்றால் 1. மொத்தப் புள்ளியை, தொட்ட நாடுகளும் மண்டலங்களும் சேர்ந்த எண்ணிக்கையால் பெருக்கணும். நாம் 22-ம் மண்டலம். நாம் சொல்ல வேண்டியது 'ஃபைவ் நைன், டூ டூ' மட்டும்.

ஐரோப்பாவில் 40 நிலையங்கள் பிடித்தாச்சு, 10 நாடு, 3 மண்டலம் என்று வையுங்கள். 120 × 13 = 1,560. அடுத்து ஏற்கெனவே பிடித்த நாட்டிலேயே ஒருவர் கிடைத்தால் 123 × 13 = 1,599. அதுவே அதே மண்டலத்தில் புது நாடாக இருந்தால் 123 × 14 = 1,722. ஒரு தொடர்புக்கு 39, இன்னொன்றுக்கு 162! யாரைப் பிடித்தாச்சு, யார் புதுசு என்று லாக் சொல்லும். பேண்டில் எங்கெல்லாம் ஆள் இருக்கிறார்கள் என்று எஸ்டிஆர் சொல்லும். இரண்டையும் இணைப்பதன் பலன் இதுதான்.

முடிந்ததும் லாக்கை கேப்ரில்லோ என்ற எளிய உரைக் கோப்பாக அனுப்பணும். அங்கே எல்லா லாக்கையும் ஒன்றோடொன்று ஒப்பிடுவார்கள். கால்சைனில் ஓர் எழுத்து தப்பானாலும் அந்தத் தொடர்பு போச்சு. மேலே அபராதமும் உண்டு. அதனால் கணினிக் கடிகாரத்தை இணைய நேரத்தோடு பொருத்தி, லாக் உலக நேரத்தில் எழுதுகிறதா என்று பாருங்கள். நம் காலை 5:30-க்குத்தான் அங்கே தேதி மாறும்.

இவ்வளவு கறார் எதற்கு?

டிசம்பர் 2004-ல் பாரதி பிரசாத் (வியூ2ஆர்பிஐ) தலைமையில் ஒரு குழு போர்ட் பிளேரில் நிலையம் அமைத்திருந்தது. அபூர்வமான அந்தமானைத் தொட உலக ஹாம்களுக்கு வாய்ப்புத் தருவது நோக்கம். 26-ம் தேதி சுனாமி. தொலைபேசித் தொடர்பு அறுந்ததும் அதே ரேடியோக்கள் மக்களின் நலம் விசாரிக்கும் செய்திகளைச் சுமந்தன. அங்கே ஓர் எழுத்து தப்பினால் போவது புள்ளி இல்லை, ஒருவருடைய பெயர். இரைச்சலுக்கு நடுவே காதில் விழுந்ததைச் சரியாக எழுதும் பழக்கம் ஒரே நாளில் வராது. போட்டி அந்தப் பழக்கத்துக்கான பயிற்சி.

புதிதாக வருபவர்கள் முதல் போட்டியில் மைக்கைத் தொடாமல் கேட்டு மட்டும் லாக் எழுதிப் பாருங்கள். சிக்யூ வேர்ல்டுவைட்டில் பங்கேற்பாளர்களின் லாக்குகள் பிறகு பொதுவில் வெளியாகும். நீங்கள் எழுதியதை அதோடு ஒப்பிட ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும். நூற்றுக்கு எத்தனை சரி என்று தெரிந்துகொண்டு மைக்கை எடுங்கள்.