சானடோரியம் சட்டையும் ஜெனீவா மேசையும்

தாம்பரம் சானடோரியத்தில் 1984-இல் தொடங்கிய ஏற்றுமதி மண்டலத்தை அக்கம்பக்கத்தில் எல்லோரும் ‘மெப்ஸ்’ என்றுதான் சொல்வார்கள். காலை ஷிப்டுக்கு உள்ளே போகும் பெண்களில் பலருக்குத் தையல் மெஷின்தான் பிழைப்பு. 2004 முடியும்வரை, இங்கிருந்து ஆண்களுக்கான பருத்திச் சட்டை ஒன்று அமெரிக்கா போய்ச் சேர நல்ல துணியும் நேர்த்தியான தையலும் போதவில்லை. 340 என்று எண்ணிட்ட வகையில் கோட்டாவும் வேண்டும். கோட்டா தீர்ந்தால் ஆர்டர் இருந்தும் சரக்கு நகராது. 1974 முதல் நீடித்த அந்தக் கட்டுப்பாடு 1995-லிருந்து பத்தே ஆண்டில் படிப்படியாக ஒழிந்ததற்குக் காரணம், உருகுவே சுற்று எனப்படும் உலக வர்த்தகப் பேச்சுவார்த்தையில் உருவான ஜவுளி ஒப்பந்தம். இப்படிப்பட்ட மேசைகளில் நமக்காக உட்காரும் அதிகாரிகளை அரசு நீண்ட காலம் அங்கேயே விட்டுவைக்க வேண்டும் என்பது என் வாதம்.

அந்தச் சுற்றில் இந்தியாவுக்காகப் பேசியவர்களில் முக்கியமானவர் ஆறுமுகமங்கலம் வெங்கடாசலம் கணேசன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து, 1959-இல் ஐ.ஏ.எஸ். பணியில் சேர்ந்தவர். நிதி அமைச்சகத்தில் முதலீட்டுப் பிரிவு, நியூயார்க்கில் பன்னாட்டு நிறுவனங்களுக்கான ஐ.நா. மையம், பிறகு தொழில்துறை என்று வந்தவர். ஆனால் பேச்சுவார்த்தை கொதித்துக்கொண்டிருந்த 1990-91-இல் அவர் விமானப் போக்குவரத்துத் துறைச் செயலாளர். பேச்சுவார்த்தைக்கு வர்த்தகத் துறைச் செயலாளராகத் திரும்பி வந்து, 1993-இல் ஓய்வு பெற்றார். ஒப்பந்தம் கையெழுத்தானது 1994-இல். சீனாவைப் பாருங்கள். 1986-இல் விண்ணப்பித்த அந்த நாடு உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது 2001 டிசம்பர் 11 அன்று. லாங் யோங்டு என்ற அதிகாரி 1992 முதல் ஏறத்தாழ பத்து ஆண்டு அந்தச் சேர்க்கைக்கான பேச்சுவார்த்தையிலேயே இருந்தார். எந்த வாக்கியத்தை எதிர்த்தரப்பு எப்போது விட்டுக்கொடுத்தது என்பது அவருக்கு நினைவிலேயே இருந்திருக்கும். அந்த நினைவைக் கோப்பு தராது.

ஒரு கட்சி ஆட்சியில் அது எளிது என்பார்கள். தேர்தலில் அரசு மாறும் அமெரிக்காவிலும் வர்த்தகப் பிரதிநிதி அலுவலகத்தின் நிரந்தர ஊழியர்கள் ஆண்டுக்கணக்காக அதே வேலையில் இருக்கிறார்கள். பல துறை பார்த்தவருக்கே பரந்த பார்வை வரும் என்பது இன்னொரு மறுப்பு. கணேசனே அதற்குச் சாட்சி ஆகலாம். ஆனால் முதலீடு, தொழில், வர்த்தகம் மூன்றும் ஒரே மரத்தின் கிளைகள். விமானத் துறை அந்த மரமே இல்லை.

கனமான மறுப்பு வேறு. அந்தச் சுற்றில்தானே மருந்துக் காப்புரிமையை விட்டுக்கொடுத்தோம்? உண்மை, அது வலிக்கிறது. ஜவுளிக் கோட்டா ஒழிந்த அதே 2005 ஜனவரி 1-இல் மருந்துகளுக்கான பொருள் காப்புரிமை வந்தது. ஓ.எம்.ஆரில் ஆலத்தூர் மருந்துத் தொழிற்பேட்டைக்கும் சானடோரியத்துக்கும் ஒரே நாள் இரண்டு விதமாக விடிந்தது. ஆனாலும் ஒப்பந்தம் விட்டுவைத்த இடைவெளியில் நாடாளுமன்றம், பழைய மருந்தின் சிறு மாற்றத்துக்குக் காப்புரிமை மறுக்கும் 3(டி) பிரிவைக் காப்புரிமைச் சட்டத்தில் வைத்தது. அதையும் காட்டித்தான் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் நோவார்டிஸின் புற்றுநோய் மருந்து விண்ணப்பத்தை நிராகரித்தது. 2013-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. வாசகம் தெரிந்த ஆள் இருந்தால் தோற்ற ஆட்டத்திலும் கொஞ்சம் மீட்கலாம்.

கணேசன் 2000 முதல் 2008 வரை உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்பில் அமர்ந்தார். 2008-இல் அங்கே நுழைந்த சீனாவின் ஜாங் யூஜியாவோவும் வர்த்தக அமைச்சகத்தில் ஊறியவர். புதிய நியமனங்களை அமெரிக்கா தடுத்ததால், 2020 நவம்பரில் கடைசி உறுப்பினரான சாவோ ஹோங்கின் பதவிக்காலம் முடிந்ததோடு அந்த அவை காலியாகிவிட்டது. முறையிட இடமில்லாதபோது நேருக்கு நேர் பேசத் தெரிந்தவரின் தேவை கூடுகிறது. மெப்ஸில் வளர்ச்சி ஆணையராக இருந்துவிட்டுப் போகும் அதிகாரி, சரக்கு எங்கே தேங்குகிறது என்று கண்ணால் பார்த்தவர். அவரை அடுத்து உலக வர்த்தக அமைப்பு இருக்கும் ஜெனீவாவுக்கு அனுப்பிப் பத்து ஆண்டாவது வர்த்தகக் கோப்போடு விட்டுவைக்கட்டும் டெல்லி.