தெரியுமா? அரை டிகிரி சூடு ஏறினாலே கண் மங்கலாம்!

மண்டைக்காட்டுக் கோயில் கொடை முடிந்தால் குமரி மாவட்டத்துக் கருங்கல் ஊரில் புழுக்கம் தொடங்கிவிடும். சந்தைக்குப் போய்த் திரும்பும் ஒருவருக்கு எதிரே வரும் பஸ்ஸின் எழுத்து திடீரென மங்குகிறது, கால் தள்ளாடுகிறது. வீட்டில் ஃபேனுக்கு அடியில் கொஞ்ச நேரம் இருந்தால் எல்லாம் பழையபடி! பார்ப்பவர்கள் இதை நடிப்பு, மடி என்று சொல்லிவிடுகிறார்கள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற எம்.எஸ். நோய் உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சூடு இப்படித்தான் செய்யும், தெரியுமா?

1890இல் இதை எழுதிவைத்தவர் வில்ஹெல்ம் ஊட்ஹோஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர். உழைப்புதான் பார்வையை மங்க வைக்கிறது என்று அவர் எண்ணினார். உடம்பில் ஏறும் சூடுதான் காரணம் என்பது பின்னால்தான் தெளிந்தது. அதற்குப் பிறகு நடந்தது இன்னும் வியப்பு: நோயைக் கண்டறிவதற்காகவே ஆளை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்தார்கள்! எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வந்த 1980கள் வரை இந்தச் சோதனை இருந்தது. சிலருக்கு வந்த பலவீனம் எளிதில் நீங்கவில்லை என்பதையும் நினைத்தால் மனம் பதறுகிறது.

சூட்டுக்கும் நரம்புக்கும் என்ன தொடர்பு? கரண்டு கம்பிக்கு மேலுறை போல நரம்புக்கு மயலின் என்ற உறை உண்டு. எம்.எஸ்.ஸில் அது அங்கங்கே உரிந்துபோகிறது. நரம்பில் செய்தி ஓடுவதற்கு சோடியம் உள்ளே நுழைய வேண்டும். சூடு ஏறினால் அதற்கான வாசல்கள் சீக்கிரமே மூடிக்கொள்கின்றன. நல்ல நரம்பு அதைச் சமாளித்துவிடும், தேவைக்குப் பல மடங்கு கையிருப்பு அதனிடம் உண்டு. உறை உரிந்த நரம்பிலோ செய்தி பாதிவழியில் நின்றுவிடுகிறது. இதற்கு அரை டிகிரி செல்சியஸ் போதும்! ஆனால் உறை புதிதாக உரிவதில்லை. உடம்பு குளிர்ந்தால் செய்தி மறுபடி ஓடும்.

வேலூரைப் போல 40 டிகிரி வெயில் இங்கே அடிப்பதில்லையே என்று கேட்கலாம். மிடாலம், தேங்காப்பட்டணம் கடற்கரைகள் பக்கத்தில், காற்றெல்லாம் கடல் ஈரம், வியர்வை எளிதில் ஆவியாகாது! ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். வெறுமனே வழிந்து சொட்டினால் பலன் இல்லை. ஆகவே ஈரத் துவர்த்தைத் தோளில் போட்டுக்கொண்டு ஃபேன் காற்றில் இருங்கள். கரண்டு போய்விட்டால் ஐஸ் தண்ணீரில் நனைத்த துணி நல்லது, தொட்ட இடத்திலேயே அது சூட்டை இழுத்துக்கொள்ளும்.

நிலவில் நடந்தவர்கள் குளிர்ந்த நீர் ஓடும் குழாய்கள் தைத்த உள்ளாடை அணிந்திருந்தார்கள், தெரியுமா? அந்தத் தொழில்நுட்பத்தில் பிறந்த உடுப்பை எம்.எஸ். உள்ளவர்களுக்கு அணிவித்து நாசாவுடன் சேர்ந்து நடத்திய ஆய்வு 2003இல் வெளியானது: நடையிலும் பார்வையிலும் சிறிய முன்னேற்றம்! அந்த உடுப்பு கிடைக்காவிட்டாலும் வருந்த வேண்டாம். சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், மிகக் குளிர்ந்த நீரை இடையிடையே குடித்தவர்கள் கூடுதல் நேரம் சைக்கிள் மிதித்தார்கள். உடம்பின் உட்சூடு குறையவே இல்லை, ஆனாலும் மிதித்தார்கள்! அடிக்கடி சிறுநீர் வருமே என்று பயந்து தண்ணீரைக் குறைக்கிறவர்கள் இதைக் கேட்க வேண்டும். குளிர் பட்டால் தசை இறுகுகிறவர்களும் உண்டு, அவர்கள் அளவோடு செய்யட்டும்.

நம் எல்லோருடைய உடல் வெப்பமும் விடியற்காலையில் குறைவு, சாயங்காலம் அரை டிகிரி போலக் கூடுதல். அதனால் நடை, சந்தை, துணி துவைப்பு எல்லாம் காலையிலேயே முடியட்டும். குளிக்க வெந்நீர் வேண்டாம். குளத்துக்குத் தனியாகப் போகவும் வேண்டாம், படியில் கால் தள்ளாடினால் ஆபத்து.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் எம்.எஸ்.ஸைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. அரசு வேலையில் இருப்பவர் காற்றோட்டமான இடத்தை உரிமையோடு கேட்கலாம்!

வெயிலைப் போலவே காய்ச்சலும் கண்ணை மங்கவைக்கும், காலைத் தள்ளாடவைக்கும், அதை உடனே கவனியுங்கள். காய்ச்சல் இல்லாமல், உடம்பு குளிர்ந்த பிறகும் மங்கலோ தளர்ச்சியோ 24 மணி நேரத்தைத் தாண்டினால் அதை வெயிலின் கணக்கில் எழுதாதீர்கள். அது நோயின் புதிய தாக்குதலாக இருக்கலாம். நரம்பியல் டாக்டரிடம் அன்றே போங்கள்.