ஒளிக்கு வலுவூட்டும் கண்ணாடி

யாழ்ப்பாணத்து மயிலிட்டியிலிருந்து கடல் கடந்த உறவுகளுக்குப் போகும் அழைப்புகளும் படங்களும் கடலடிக் கேபிள்களின் கண்ணாடியிழைகளில் ஒளியாக ஓடுகின்றன. தொலைவு கூடக்கூட அந்த ஒளி மங்கும். எனவே நெடுந்தூரக் கேபிள்களில் பல பத்துக் கிலோமீற்றருக்கு ஒருமுறை, எர்பியம் என்ற அருமண் தனிமம் சிறிதளவு கலந்த இழை பொருத்தப்படுகிறது.

980 நானோமீற்றர் அலைநீள லேசர் ஒளியை உறிஞ்சும் எர்பியம் அயன்கள் அந்த ஆற்றலைத் தேக்கி வைக்கின்றன. மங்கிய சமிக்ஞை வந்து தூண்டியதும், அந்தச் சமிக்ஞையின் அலைநீளமான சுமார் 1550 நானோமீற்றரிலேயே ஒளியை உமிழ்ந்து அதை வலுவாக்குகின்றன. இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது.

1987இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெய்னின் குழு எர்பியம் இழையால் ஒளியை வலுவாக்குவதைச் செய்துகாட்டியது. இத்தகைய நெடுந்தூரக் கடலடிக் கேபிள்களில் ஒன்றான, 2005இல் நிறைவுற்ற சீ-மீ-வீ 4, கொழும்பிலும் சென்னையிலும் கரையேறுகிறது.