‘கள்ளம்’: சொற்பொருளும் கம்பம் பள்ளத்தாக்கும்

முன்னுரை

வஞ்சக நடத்தையைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களுள் தொன்மையானது ‘கள்ளம்’. இன்று இது பெரும்பாலும் திருட்டோடு இணைத்தே பொருள் கொள்ளப்படுகிறது. இதன் அடிப்படைப் பொருள் பிறரறியாமல் மறைத்தல் என்பதையும், இது செயலைச் சுட்டுமேயன்றிப் பிறப்பைச் சுட்டாது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

வேரும் உறவுமொழிகளும்

‘கள்’ என்னும் வினையடியிலிருந்து களவு, கள்ளம், கள்வன் ஆகியன பிறந்தன. தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழிகளாக வழங்குகின்றன. குமுளி மலைச்சாலையைக் கடந்தால் மலையாளம். கன்னடத்தில் ‘கள்ள’ என்பது திருடனையும், தெலுங்கில் ‘கல்ல’ என்பது பொய்யையும், மலையாளத்தில் ‘கள்ளம்’ என்பது பெரிதும் பொய்யையும் குறிக்கும். பொய்யன் உண்மையை மறைக்கிறான். திருடன் பொருளை மறைக்கிறான். இரண்டுக்கும் பொதுவானது மறைத்தலே. கள்ளநோட்டு, கள்ள ஓட்டு ஆகிய தமிழ் வழக்குகளும் போலியைச் சுட்டுகின்றனவே தவிரத் திருட்டை அன்று.

இலக்கிய ஆட்சி

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் களவியல் பிறரறியாக் காதலொழுக்கத்தைக் கூறுகிறது. அங்குக் களவு குற்றமாகாது. திருக்குறளின் 29ஆம் அதிகாரமான ‘கள்ளாமை’, கள்ளுதலைச் செயலாகவும் கள்ளத்தை அச்செயலுக்குரிய வழியாகவும் வேறுபடுத்துகிறது. சிலப்பதிகாரத்தில் கோவலன்மீது சுமத்தப்பட்ட ‘கள்வன்’ என்னும் பெயரை, நீதி தவறியதை உணர்ந்த பாண்டியன் தானே ஏற்கிறான். அரசனாயினும் செயலே பெயரைத் தருகிறது.

சட்டம் செய்த பொருள்மாற்றம்

காலனியப் பதிவுகள் ‘கள்ளர்’ என்னும் சாதிப்பெயரைத் ‘திருடர்’ என்றே மொழிபெயர்த்தன. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் திருத்தப்பட்ட பின் சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ்ப் பிறமலைக் கள்ளர் பிறப்பாலேயே குற்றவாளிகளாக அறிவிக்கப்பட்டனர். கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டம் நீக்கப்பட்டது. எனினும் தேனி மாவட்டக் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளின் பெயரிலுள்ள ‘சீரமைப்பு’, அக்காலப் பார்வையின் எச்சமாகவே அமைந்தது.

முடிவுரை

தென்மாவட்டப் பேச்சுவழக்கில் ‘களவாணி’ என்பது வசைச்சொல். குறும்பு செய்யும் குழந்தையைக் கொஞ்சும் சொல்லும் அதுவே. சூழலே பொருளைத் தீர்மானிக்கிறது. ஆகவே, சாதிப்பெயருக்கு அகராதிப் பொருளை ஏற்றிக் காலனிய ஆவணங்களை வாசிப்பது, மக்களின் வரலாற்றை மட்டுமன்றிச் சொல்லின் வரலாற்றையும் திரிப்பதாகும். அவ்வாவணங்களைப் பயன்படுத்தும் ஆய்வாளர், செயற்பெயரையும் குழுப்பெயரையும் பிரித்தறிதல் இன்றியமையாதது.