பெருங்கோப்புகளைத் துண்டு துண்டாக அனுப்பும் முறை

பெங்களூரில், 1898ஆம் ஆண்டின் பிளேக் நோய்க்குப் பின் மக்கள் பெருகிக் குடியேறிய பகுதி மல்லேஸ்வரம். சம்பிகே சாலையும் மார்கோசா சாலையும் அதன் நடுவே இணையாகச் செல்கின்றன. அவற்றைக் குறுக்கு வீதிகள் வரிசையாக எண்ணிட்டு வெட்டிச் செல்கின்றன. இதனையடுத்து வடக்கே அமைந்துள்ளது, 1909இல் தோன்றிய இந்திய விஞ்ஞானக் கழகம்.

அச்சிட்ட நூல்களை மின்வடிவில் காக்கும் முயற்சிக்கும் இவ்வட்டாரத்துக்கும் தொடர்புண்டு. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் முன்னின்ற 'மில்லியன் புத்தகத் திட்ட'த்தின் இந்தியப் பகுதியான இந்திய மின்னூலகப் பணியில், இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், விஞ்ஞானக் கழகம் முதன்மைப் பங்காற்றியது. அதில் சேர்ந்த நூல்களுள் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டவை 2017இல் 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' என்னும் இணையக் காப்பகத்திலும் இடம் பெற்றன. நூலைப் படமெடுப்பது பணியில் ஒரு பாதியே. அப்படங்களைப் பழுதின்றிச் சேமிப்பகத்தில் சேர்ப்பது மறுபாதி. நூலகம், நில ஆவணம், மருத்துவப் படம், ஒப்பந்தப்புள்ளி ஆகிய எல்லாவற்றிலும் இன்று எழும் பிரச்சினை இதுவே.

கோப்பின் பருமன்

ஏ4 அளவுள்ள ஒரு பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் வண்ணத்தில் படமெடுத்தால், சுருக்கப்படாத நிலையில் அது சுமார் 26 மெகாபைட் ஆகும். 300 பக்க நூல் ஏறத்தாழ 7,800 மெகாபைட். சுருக்கியபின் அது 1,200 மெகாபைட் என்று கொள்வோம். விநாடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் மேலேற்றும் இணைப்பில் இதனை அனுப்ப 32 நிமிடம் பிடிக்கும்.

இவ்விணைப்பு சராசரியாக 20 நிமிடத்துக்கு ஒருமுறை அறுபடுவதாக வைத்துக்கொள்வோம். 32 நிமிடமும் இடையறாது செல்லும் வாய்ப்பு ஐந்தில் ஒன்றேயாகும். அறுபடும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டுமெனில், பணி முடியச் சராசரியாக 80 நிமிடம் செல்லும் என நிகழ்தகவுக் கணக்கு காட்டுகிறது. கடைசி நாளில் விண்ணப்பிக்கும் மாணவருக்கு இது வெறும் நேர விரயம் அன்று. வாய்ப்பையே இழக்கும் நிலையாகும்.

அதே கோப்பை 8 மெகாபைட் கொண்ட 150 துண்டுகளாக அனுப்பினால், ஒரு துண்டுக்கு ஆவது சுமார் 13 விநாடி. இணைப்பு அறுந்தால் இழப்பது அந்த ஒரு துண்டை மட்டுமே. மொத்தத்தில் ஓரிரு துண்டுகளையே மீண்டும் அனுப்ப நேரும். இணைப்பு மீளக் காத்திருக்கும் நேரம் நீங்கலாக, மிகையாகும் காலம் அரை நிமிடத்துக்கும் குறைவு.

இணையம் எல்லாத் தரவுகளையும் ஏற்கனவே சிறு பொட்டலங்களாகப் பிரித்துத்தானே அனுப்புகிறது, மறுபடியும் பிரிப்பானேன் என்ற ஐயம் எழலாம். இணைப்பு நிலைத்திருக்கும் வரை, தவறிய பொட்டலத்தை இணையம் தானே மீண்டும் அனுப்பிக்கொள்ளும். இணைப்பே அறுந்துபோனால் அந்தக் கணக்கு முழுவதும் மறைந்துவிடுகிறது. பாதி வந்த கோப்பைச் சேமிப்பகம் தள்ளிவிடுகிறது. ஆகவே, அறுபட்ட பின்னும் அழியாத ஒரு கணக்கு தேவைப்படுகிறது. துண்டுமுறை வழங்குவது அதுவே.

செயல்படும் விதம்

மேகச் சேமிப்பகம் என்பது வானில் இருப்பதன்று. தொலைவிலுள்ள தரவு மையங்களில் வாடகைக்குக் கிடைக்கும் இடமே. மும்பை, ஐதராபாத், டில்லி முதலிய நகரங்களில் இத்தகைய மையங்கள் உள்ளன. அமேசானின் எஸ்3 சேமிப்பகத்தில் இம்முறை மூன்று படிகளில் நடைபெறுகிறது. முதலில், புதிய பதிவேற்றத்தைத் தொடங்கக் கோரினால் அதற்கொரு அடையாள எண் கிடைக்கும். அடுத்து, ஒவ்வொரு துண்டும் தனக்குரிய வரிசை எண்ணுடன் அனுப்பப்படும். வந்து சேர்ந்ததற்குச் சேமிப்பகம் ஒரு பற்றுச்சீட்டுத் தரும். இறுதியில், வரிசை எண்களையும் பற்றுச்சீட்டுகளையும் பட்டியலாகக் கொடுத்தால் சேமிப்பகம் துண்டுகளை ஒன்றிணைத்து ஒரே கோப்பாக்கும்.

துண்டுகள் எந்த வரிசையில் வந்து சேர்ந்தாலும் குற்றமில்லை. பதினைந்தாம் குறுக்கு வீதியின் கடிதம் எட்டாம் வீதியின் கடிதத்துக்கு முன்னரே வந்தாலும், எண்ணைக் கொண்டு தபால்காரர் உரிய இடத்தில் சேர்த்துவிடுவதைப் போன்றது இது. எனவே மூன்று நான்கு துண்டுகளை ஒரே நேரத்தில் அனுப்பவும் இயலும். குறுகிய இணைப்பில் இதனால் பெரும் பயன் விளையாது. அறுந்தால் இழப்பு மட்டும் கூடும்.

உலாவியில், கோப்பு முழுவதையும் நினைவகத்தில் ஏற்றாமலே வேண்டிய பகுதியை மட்டும் வெட்டியெடுக்கும் வசதி உண்டு. ஆகையால் சிறிய கணிப்பொறியிலிருந்தும் பெருங்கோப்பை அனுப்பலாம்.

அனுமதியும் பாதுகாப்பும்

தரவு அலுவலகத்தின் கணிப்பொறி வழியாகச் சுற்றிச் செல்லத் தேவையில்லை. குறிப்பிட்ட துண்டுக்கு, குறிப்பிட்ட நேரம் வரை மட்டும் செல்லத்தக்க ஒரு முகவரியை அலுவலகக் கணிப்பொறி கையொப்பமிட்டுத் தரும். உலாவி நேரே சேமிப்பகத்துக்கு அனுப்பும். சேமிப்பகத்தின் இரகசியச் சாவியை உலாவிக்குக் கொடுப்பது பெட்டகத்தின் திறவுகோலை வருவோர் கையில் தருவதற்கு ஒப்பாகும். தவிர, எந்த இணையதளத்திலிருந்து துண்டுகள் வரலாம் என்பதையும், பற்றுச்சீட்டை உலாவி படிக்கலாம் என்பதையும் சேமிப்பகத்தின் அமைப்பில் முன்னரே குறித்து வைக்க வேண்டும். இதனை மறந்தால் துண்டுகள் சேர்ந்தும் இறுதிப் பட்டியல் தயாரிக்க இயலாமற் போகும்.

அளவும் வரம்பும்

எஸ்3இல் கடைசித் துண்டு நீங்கலாக ஒவ்வொன்றும் குறைந்தது 5 மெகாபைட் இருக்க வேண்டும். துண்டுகள் 10,000க்கு மேற்படலாகாது. ஆகவே, சிற்றளவுத் துண்டுகளால் சுமார் 50 கிகாபைட் வரையே அனுப்ப முடியும். அதற்கு மேல் துண்டின் அளவைப் பெருக்க வேண்டும். கூகிளின் சேமிப்பகத்தில் தொடர்முறைப் பதிவேற்றத்துக்குத் துண்டுகள் 256 கிலோபைட்டின் மடங்குகளாக, ஒன்றன்பின் ஒன்றாகச் செல்ல வேண்டும். மைக்ரோசாப்ட்டின் அசூர் 50,000 துண்டுகள் வரை ஏற்கிறது.

கவனிக்க வேண்டுவன

தவறிய துண்டை உடனுக்குடன் ஓயாது அனுப்புதல் தகாது. ஒரு விநாடி, இரண்டு, நான்கு என இடைவெளியைக் கூட்டிச் செல்வதோடு, அதில் சிறிது முன்பின்னும் இருத்தல் நலம். இல்லையேல், மின்சாரம் மீண்ட கணத்தில் எல்லா அலுவலகங்களும் ஒருங்கே மோதும்.

உலாவியை மூடித் திறந்தபின், அது பொதுவாகக் கோப்பைத் தானே எடுத்துக்கொள்ளாது. பயனர் மீண்டும் சுட்டிக்காட்ட வேண்டும். அப்போது பெயர், அளவு, கடைசியாகத் திருத்திய நேரம் ஆகியவற்றை ஒப்பிட்டு, வந்து சேர்ந்த துண்டுகளின் பட்டியலைக் கேட்டுப் பெற்று, எஞ்சியவற்றை மட்டும் அனுப்பலாம்.

பாதியில் கைவிடப்பட்ட துண்டுகள் எஸ்3இன் கோப்புப் பட்டியலில் தோன்றா. ஆயினும் அவற்றுக்கும் வாடகை உண்டு. அசூரில் அவை ஒரு வாரத்தில் தாமே நீங்கும். எஸ்3இலோ, குறித்த நாட்களுக்குப்பின் நீக்குமாறு விதி வகுக்காவிடில் அவை அங்கேயே தங்கும். பொதுப்பணம் செலவிடும் அலுவலர்கள் இதனை முதலிலேயே கவனித்தல் வேண்டும்.

நல்ல இணைப்புள்ள நகரத்துக்கென அமைத்த இணையதளம், பலவீனமான இணைப்புள்ள ஊரின் விண்ணப்பதாரரை அவர் அறியாமலே ஒதுக்கிவிடக்கூடும். துண்டுமுறைப் பதிவேற்றம் புதிய கம்பி எதையும் கோருவதில்லை. இருக்கும் இணைப்பில் சென்ற உழைப்பை வீணாக்காமல் காக்கிறது. மக்கள் கோப்பு அனுப்ப வேண்டிய ஒவ்வொரு அரசு இணையதளத்திலும் இது இடம்பெறுமாயின், 'இணைப்பு அறுந்தது' என்பது 'வாய்ப்பு தவறியது' என்று பொருள்படும் நிலை மாறும்.