மல்லாட்டையும் ஒரு ஆட்டோஃப்ளவர்தான்

"ஆட்டோஃப்ளவர்" என்ற வார்த்தை இப்போ நம்ம வயசு ஆளுங்க ஃபோன்ல அடிக்கடி கண்ணுல படுது. ரூமுக்குள்ள ஒரு சின்ன டென்ட், ஒரு எல்இடி லைட், ஒரு தொட்டி. விதையைப் போட்டா போதும், செடி தானா பூக்கும், முதல் தடவை வளர்க்குறவங்களுக்கு இதுதான் ஈஸி, இப்படித்தான் அந்த வீடியோக்கள் எல்லாம் சொல்லுது. அது கஞ்சா செடி. நம்ம நாட்டுல அதை வளர்க்கக் கூடாது. ஏன் கூடாதுன்னு பின்னாடி வரேன். முதல்ல அந்த "ஆட்டோ" என்ன ஆட்டோன்னு பார்ப்போம். அந்த சயின்ஸ் திண்டிவனத்தைச் சுத்தி இருக்கிற வயல்ல ரொம்ப நாளாவே ஓடிக்கிட்டு இருக்கு.

செடிக்கு எப்படி நேரம் தெரியுது?

அமெரிக்க வேளாண் துறையில வேலை பார்த்த கார்னர், அல்லார்டுனு ரெண்டு பேருக்கு ஒரு புகையிலை ரகம் புதிரா இருந்தது. கோடையில வயல்ல ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்தும் பூக்கல. அதே ரகம் குளிர்காலத்துல கண்ணாடிக் கூடத்துக்குள்ள சின்னதா இருக்கும்போதே பூத்துச்சு. உரம், தண்ணி, வெப்பம் எல்லாத்தையும் மாத்திப் பார்த்தாங்க. கடைசியில செடிகளை தினமும் சாயங்காலம் சீக்கிரமே இருட்டறைக்குள்ள தள்ளினாங்க. கோடையிலயே பூ வந்துடுச்சு. பகல் நீளத்தைப் பார்த்துதான் செடி முடிவு எடுக்குதுனு 1920ல எழுதினாங்க.

1938ல ஹாம்னர், பானர் ரெண்டு பேரும் மருளூமத்தைங்கிற களைச்செடியை வச்சு இன்னொரு விஷயத்தைக் கண்டுபிடிச்சாங்க. நீளமான ராத்திரிக்கு நடுவுல கொஞ்ச நேரம் லைட் போட்டா அந்தச் செடி பூக்கவே இல்ல. பகலுக்கு நடுவுல கொஞ்ச நேரம் இருட்டாக்கினா எந்த பாதிப்பும் இல்ல. அப்போ செடி அளக்கிறது பகலை இல்ல, விடாம நீடிக்கிற இருட்டை.

இலையில இருக்கிற ஃபைட்டோகுரோம்ங்கிற நிறமிதான் இங்க சென்சார். 660 நானோமீட்டர் பக்கம் இருக்கிற சிவப்பு ஒளி பட்டா அது ஒரு நிலைக்கு மாறும், இருட்டுல மெதுவா பழைய நிலைக்குத் திரும்பும். செடிக்குள்ள ஓடுற 24 மணி நேரக் கடிகாரமும் இதுகூட சேர்ந்துதான் வேலை செய்யுது. இருட்டு போதும்னு தெரிஞ்சா இலையில எஃப்டிங்கிற புரதம் உருவாகி நுனிக்குப் போகும். "இனிமே இலை வேண்டாம், பூ வை"ங்கிற ஆர்டர் அதுதான்.

எம்பெடெட் பாஷையில சொன்னா இந்த வகை செடி ஒரு இன்டரப்டுக்காக காத்திருக்கு. ஆட்டோஃப்ளவர் அப்படி இல்ல. முளைச்ச நாள்ல இருந்தே ஒரு கவுன்ட்டர் ஓடும், குறிப்பிட்ட எண் வந்ததும் பூத்துடும்.

சாதாரண கஞ்சா செடி முதல் வகை, நீண்ட இருட்டுக்குக் காத்திருக்கும். ஆட்டோஃப்ளவர் குணம் வந்தது ருடெராலிஸ்ங்கிற வகையில இருந்து. ரஷ்யாவில காட்டுச்செடியா வளர்ந்த அதை 1924ல யானிஷெவ்ஸ்கி தனி இனமா பதிவு பண்ணினார். அந்த ஊர்ல கோடைப் பகல் 16 மணி நேரத்தைத் தாண்டும். ராத்திரி நீளட்டும்னு காத்திருந்தா அதுக்குள்ள பனி வந்து செடி செத்துடும். அதனால வயசைப் பார்த்துப் பூக்குற செடிதான் அங்க பிழைச்சுது.

சம்பாவும் சொர்ணவாரியும்

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். திண்டிவனத்துல வருஷத்தோட நீளமான பகலுக்கும் குட்டையான பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய 1 மணி 25 நிமிஷம்தான். நமக்கு அது தெரியவே தெரியாது. நெல்லுக்குத் தெரியும்.

பழைய சம்பா ரகங்கள் பலவும் இருட்டை அளக்குற வகை. பருவத்துல கொஞ்சம் முன்னாடி விதைச்சாலும் பின்னாடி விதைச்சாலும் கதிர் வர்ற நாள் பெருசா மாறாது. தைக்கு அறுப்பு. அதையே சித்திரையில விதைச்சா? ராத்திரி நீளுற வரைக்கும் புல்லு மாதிரி வளர்ந்துகிட்டே இருக்கும். அதனாலதான் சித்திரை, வைகாசியில தொடங்குற சொர்ணவாரி பட்டத்துக்கு அது சரிப்படாது.

1966ல பிலிப்பைன்ஸில இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஐஆர் 8 ரகத்தை வெளியிட்டுச்சு. அதோட குட்டை உயரத்தைப் பத்தி எல்லாரும் பேசுவாங்க. பகல் நீளத்தைக் கண்டுக்காத குணமும் அதே அளவு முக்கியம். எந்த மாசம் விதைச்சாலும் கணக்கா கதிர் விடும். இன்னைக்கு நம்ம பக்கம் போடுற ஏடிடி 43 மாதிரி 110 நாள் ரகங்களும் அந்த வழிதான். நெல்லுல ஆட்டோஃப்ளவர்னு வச்சுக்கலாம். கிணறோ போரோ இருந்தா வருஷத்துக்கு ரெண்டு, மூணு போகம் எடுக்க முடியறதுக்கு இந்தக் குணம் ஒரு பெரிய காரணம்.

ஆனா இதுக்கு ஒரு விலை இருக்கு. கவுன்ட்டரை நிறுத்தி வைக்க முடியாது.

நாத்து ரெடியா இருக்கு, ஆனா ஏரியில தண்ணி இல்ல, இல்லன்னா நடவுக்கு ஆள் கிடைக்கலைனு வையுங்க. நீண்ட கால ரகம்னா 30 - 35 நாள் நாத்தைக்கூட நடலாம். குறுகிய கால ரகத்துக்கு 18 - 22 நாளுக்குள்ள நடணும்னு வேளாண் துறை சொல்லுது. காரணம், நாத்தங்கால்ல கழிஞ்ச நாளும் அந்த 110ல சேர்த்திதான். லேட்டா நட்டா தூர் கட்ட நாள் பத்தாது. நாலு தூரோட நிக்கும்போதே கதிர் வந்துடும். மூட்டை குறையும், கடன் குறையாது.

நம்ம ஊர் ஆட்டோஃப்ளவர்

நிலக்கடலைக்கு மத்த ஊர்க்காரங்க வேர்க்கடலை, கடலைக்காய்னு சொல்லுவாங்க. நமக்கு அது மல்லாட்டை. திண்டிவனத்துல இருக்கிற எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்களுக்கு டிஎம்வினு பேர் வைப்பாங்க, ஊரோட பேரைச் சுருக்கி. 1940ல வந்த டிஎம்வி 2 ஆந்திரா, கர்நாடகா வரைக்கும் பல பத்து வருஷம் பரவி நின்னுச்சு.

மல்லாட்டை பூக்கிறதுக்கு ராத்திரி நீளத்துக்காக காத்திருக்காது. விதைச்சு 25 - 30 நாள்ல மஞ்சப் பூ வந்துடும். பூ காய்ஞ்ச பிறகு அதோட காம்பு ஊசி மாதிரி மண்ணுக்குள்ள இறங்கி காய் வைக்கும். அந்தக் காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை வேர் வழியா வாங்காது, சுத்தி இருக்கிற மண்ணுல இருந்து நேரா எடுத்துக்கும். அதனாலதான் 40 - 45வது நாள் ஜிப்சம் போட்டு மண் அணைக்கிறாங்க. அந்த வாரத்தை விட்டுட்டா காய் பொக்காகும். அப்புறம் எவ்வளவு போட்டாலும் போன வாரம் திரும்ப வராது.

இதை வச்சு அந்த "முதல் தடவைக்கு ஈஸி" கதையைத் திரும்பப் பாருங்க. இருட்டைப் பார்த்துப் பூக்குற செடிகிட்ட கன்ட்ரோல் நம்ம கையில. வாடிப்போச்சா, லைட்டை நீட்டி இன்னும் ரெண்டு வாரம் தேறவிடலாம். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் சாமந்தி வயல்ல ராத்திரி பல்பு எரியறது இதுக்குத்தான், செடி வளர்ற வரைக்கும் பூவைத் தள்ளிப்போட. ஆட்டோஃப்ளவர்ல அந்த வசதியே கிடையாது. முதல் ரெண்டு மூணு வாரத்துல செய்யற தப்பைச் சரிபண்ண நேரம் இருக்காது. "ஆட்டோ"ன்னா லேசுனு அர்த்தம் இல்ல, கடிகாரம் உங்க கையில இல்லைனு அர்த்தம்.

சட்டம் என்ன சொல்லுது?

1985ல வந்த என்டிபிஎஸ் சட்டத்துல "கஞ்சா செடி"ன்னா கேனபிஸ் பேரினத்தைச் சேர்ந்த எந்தச் செடியும்தான். ருடெராலிஸ், ஆட்டோ, குட்டைச் செடி எதுக்கும் விலக்கு இல்ல. அனுமதி இல்லாம வளர்த்தா 20வது பிரிவுப்படி 10 வருஷம் வரைக்கும் கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம். கையில வச்சிருக்கிற கஞ்சாவுக்கு சின்ன அளவு, பெரிய அளவுனு தண்டனை மாறும். செடி வளர்க்குறதுக்கு அந்தப் பிரிவுல அப்படி ஒரு சின்ன அளவே இல்ல. ஒரு தொட்டியும் சாகுபடிதான்.

"விதை லீகல்தான் ப்ரோ"னு ஒருத்தர் சொல்லுவார். பூந்தலை இல்லாத விதை மட்டும்னா சட்டத்துல "கஞ்சா"ங்கிற வரையறைக்குள்ள வராது, அது சரி. அதை நட்டு முளைச்சதும் கதை மாறிடுது. 25வது பிரிவு இன்னும் முக்கியம். தெரிஞ்சே தன் வீட்டையோ ரூமையோ இந்தக் குற்றத்துக்கு விட்டவருக்கும் அதே தண்டனை. அதாவது டென்ட் வச்சவன் ஒருத்தன்னாலும், தெரிஞ்சே இடம் கொடுத்த ரூம்மேட்டையும் கேஸ் தொடலாம்.

நாருக்காகவும் விதைக்காகவும் வளர்க்க அரசு அனுமதி கொடுக்க 14வது பிரிவுல வழி இருக்கு, உத்தரகாண்ட் 2018ல அப்படி லைசென்ஸ் கொடுத்தது. அது வயலுக்கும் தொழிலுக்கும் உள்ள ஏற்பாடு. நம்ம ரூமுக்கு இல்ல.

அப்போ ரூம்ல எதை வளர்க்கலாம்?

லைட்டு, டைமர், செடி இந்த மூணும்தான் உங்களை இழுக்குதுன்னா, அதே ஆராய்ச்சியை மல்லாட்டையையும் சாமந்தியையும் வச்சு பண்ணுங்க.

அரை மீட்டருக்கு அரை மீட்டர் இடம் போதும். லைட்டை வாட்ஸ், லூமென்ல பார்க்காதீங்க, லூமென் நம்ம கண்ணுக்கான அளவு. செடிக்கு வேண்டியது 400ல இருந்து 700 நானோமீட்டர் வரைக்கும் உள்ள ஃபோட்டான்களோட எண்ணிக்கை. சதுர மீட்டருக்கு வினாடிக்கு 400 மைக்ரோமோல்னு வச்சா, 0.25 சதுர மீட்டருக்கு 100 மைக்ரோமோல். ஒரு ஜூலுக்கு 2 மைக்ரோமோல் தர்ற எல்இடின்னா 50 வாட்ஸ். 16 மணி நேரத்துக்கு தினம் 0.8 யூனிட், மாசம் 24 யூனிட். ஒப்பிட்டுப் பார்க்க, மதிய வெயில் 2000 மைக்ரோமோல் பக்கம் வரும்.

ஒரு பையில வறுக்காத மல்லாட்டை, இன்னொரு பையில மொட்டு வைக்காத சாமந்தி நாத்து. ரெண்டுக்கும் 16 மணி நேர லைட். ஒரு மாசத்தை ஒட்டி மல்லாட்டை பூக்கணும், சாமந்தி இலை மட்டும் விடணும். அப்புறம் லைட்டை 11 மணி நேரமா குறைங்க. மூணு நாலு வாரத்துல சாமந்தியில மொட்டு தெரிய ஆரம்பிக்கும். அந்த 13 மணி நேரம் முழு இருட்டா இருக்கணும். வராண்டா டியூப்லைட் உள்ள கசிஞ்சாகூட மொட்டு வராம போகலாம், கறுப்புத் துணி போட்டு மூடுங்க.

கடையில கிடைக்கிற முள் டைமர் கரன்ட் போனா நின்னுடும், உங்க ராத்திரி ஒவ்வொரு கட்டுக்கும் நகரும். பட்டன் செல் வச்ச டிஎஸ்3231 கடிகார மாட்யூல், ஒரு ஆர்டுயினோ, ஒரு ரிலே போதும். ரிலேல 230 வோல்ட் போகுது, அதைத் திறந்தபடி விடாம பெட்டிக்குள்ள வைங்க.

காய் நிறைய வரும்னு எதிர்பார்க்காதீங்க, மல்லாட்டைக்கு வெயில்தான் ராஜா. பூத்த தேதியை மட்டும் எழுதி வைங்க. அப்புறம் ஊர்ல யாராவது "நாத்து முத்திப்போச்சு, இன்னும் நடவு ஆகல"ன்னு புலம்பினா, அவங்க எதை இழந்துக்கிட்டு இருக்காங்கன்னு உங்களுக்கு நாள் கணக்கா தெரியும்.